வெளிச்சுவர் ஏறிய வைஃபை

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு



அறைக்குள் வைப்பதற்கென்றே செய்யப்பட்ட வைஃபை கருவியை வெயிலும் மழையும் படும் வெளிச்சுவரில் வைக்கலாமா? கருவியோடு வரும் சிறு புத்தகத்தைக் கேட்டால் ‘கூடாது’ என்றே சொல்லும். 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை என்று அதில் வெப்ப எல்லை அச்சிட்டிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். நம் ஊர் அக்கினி நட்சத்திர வெயிலுக்கு அந்த நாற்பது எம்மாத்திரம்? ஆயினும் தக்க உறையிட்டு, தக்க இடம் பார்த்து வைத்தால் வைக்கலாம் என்பதே எங்கள் விடை. அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் இதன் தேவையைச் சொல்லிவிடுகிறோம். நம் பள்ளியின் பெரிய கட்டடத்தில் இணைய இணைப்பு உண்டு. விடுதியோ மைதானத்தின் மறுகோடியில், சுமார் 60 மீட்டர் தொலைவில் இருக்கிறது. இடையில் இரண்டு வேப்ப மரங்கள். வீட்டிலிருந்து வரும் தோழியர் மாலையில் வீட்டிலேயே இணையத்தைப் பார்த்துக்கொள்வார்கள். விடுதித் தோழியர் உதவித்தொகை விண்ணப்பம் அனுப்பவும், பாடத்திற்கான படம் ஒன்றைப் பார்க்கவும் இருட்டுவதற்குள் மைதானத்தைக் கடந்து பெரிய கட்டடத்தின் வராந்தாவிற்கு வர வேண்டும். சிலருடைய தந்தையர் வளைகுடா நாடுகளிலும் கப்பல்களிலும் வேலை பார்க்கிறார்கள். ஞாயிறு மாலை அவர்களுடைய முகத்தைக் கண்டு பேசக் கிடைக்கும் கால்மணி நேரமும், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போயிற்று. வெளியில் வைப்பதற்கென்றே செய்த கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. பணம் இருந்தால் அவற்றை வாங்குவதே நல்லது என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். நம்மிடம் இருந்ததோ அலுவலகத்தில் மாற்றி எடுக்கப்பட்ட பழைய உட்புறக் கருவி ஒன்றுதான்.

இவ்வாறு செய்வது புதுமையன்று. 2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இன்றி வெளிப்புறத்திலும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அடுத்த மாதமே இமாசலப் பிரதேசத்துத் தர்மசாலாவில் ஒரு கம்பியில்லா வலையமைப்பு தொடங்கப்பட்டது. அங்கே அவர்கள் எடுத்துக்கொண்டது விலையுயர்ந்த தொலைத்தொடர்புச் சாதனம் அன்று. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்னும் சாதாரண வீட்டு உபயோகக் கருவியே. அதன் மென்பொருளை மாற்றி, மழை புகாத பெட்டிக்குள் அடைத்து, மலைச் சரிவுகளில் நிறுத்தினார்கள். மின்சாரம் மிகக் குறைவாகவே தேவைப்பட்டதால், மின்கம்பி எட்டாத இடங்களில் சூரிய ஒளித் தகட்டைக் கொண்டே அவற்றை இயக்க முடிந்தது. மலைச் சரிவில் குளிரும் மழையும் போதாவென்று குரங்குகளின் தொல்லையும் உண்டு. நம் மைதானத்தில் அந்தக் கவலை இல்லை, காக்கைகளோடு சரி.

மழை பெய்தால் வைஃபை அலை கரைந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். மழைத்துளியோ சில மில்லிமீட்டர் அளவே. ஆகையால் சில நூறு மீட்டர் தொலைவிற்குள் மழை அந்த அலையைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுப்பதில்லை. நீரில் நனைந்த அடர்ந்த இலைகள் தடுக்கும், செங்கற்சுவர் தடுக்கும், கம்பி வைத்த கான்கிரீட் இன்னும் அதிகமாகத் தடுக்கும். திறந்த வெளி அலைக்கு நண்பன் என்றே சொல்லலாம். வெளியில் துன்பப்படுவது அலையன்று, கருவிதான். அதற்குப் பகை மூன்று: நீர், வெப்பம், மின்னல். முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. நீர் புகாமல் இறுக மூடினால் வெப்பம் வெளியேறாது. வெப்பம் வெளியேறத் திறந்து வைத்தால் நீர் புகும்.

நீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மின்சாதனக் கடைகளில் ஜங்ஷன் பாக்ஸ் எனப்படும் பிளாஸ்டிக் பெட்டிகள் கிடைக்கின்றன. அவற்றின்மேல் ஐ.பி.65, ஐ.பி.66 என்று குறியிட்டிருக்கும். முதல் இலக்கம் தூசியைப் பற்றியது. 6 என்றால் தூசி அறவே புகாது. இரண்டாம் இலக்கம் நீரைப் பற்றியது. 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரையும், 6 என்றால் அதனினும் வலுவாகப் பீய்ச்சும் நீரையும் தாங்கும். ஆனால் கம்பி நுழைவதற்கென்று நாம் ஒரு துளையிட்ட மறுகணமே அந்தக் குறிக்குப் பொருள் இல்லாமற் போகிறது. துளையில் கேபிள் கிளாண்ட் என்னும் மரைவைத்த பிடிப்பைப் பொருத்திக் கம்பியைச் சுற்றி இறுக்கினால்தான் காப்பு திரும்பக் கிடைக்கும். துளையைப் பெட்டியின் அடிப்புறத்தில் மட்டுமே இட வேண்டும். மேலேயோ பக்கவாட்டிலோ கூடவே கூடாது. கம்பியும் நேரே பெட்டிக்குள் இறங்கலாகாது. பெட்டிக்குக் கீழே ஒரு சாண் தொங்கி, வளைந்து, பின்பு மேலேறி நுழைய வேண்டும். துணி உலர்த்தும் கொடியில் மழைநீர் வழிந்து, கொடி எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே இங்கும் நீர் வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும்.

இனி வருவது எங்களுக்கே வியப்பாக இருந்த செய்தி. முற்றிலும் இறுக மூடிய பெட்டியே சில வேளைகளில் நீரை உள்ளே இழுக்கிறது! ஒன்பதாம், பத்தாம் வகுப்பு அறிவியலே இதற்கு விடை தருகிறது. பகல் வெயிலில் பெட்டிக்குள் 60 டிகிரி இருப்பதாகக் கொள்வோம். மாலையில் திடீரென மழை பிடித்து அது 25 டிகிரிக்கு இறங்குகிறது. கெல்வின் அளவில் 333, 298. மாறாத அழுத்தத்தில் காற்றின் பருமன் இதே விகிதத்தில் சுருங்கும். அதாவது சுமார் பத்தில் ஒரு பங்கு. 5 லிட்டர் பெட்டியானால் அரை லிட்டர் காற்றை அது வெளியிலிருந்து உறிஞ்சப் பார்க்கும். அப்போது மூடியின் விளிம்பில் மழைநீர் நின்றால், ரப்பர் வளையத்தின் சிறு இடுக்கு வழியே காற்றோடு நீரும் உள்ளே வரும். வந்த நீர் வெளியேற வழியில்லை. எனவே பெட்டியின் அடியில், மிகத் தாழ்ந்த இடத்தில், பென்சில் முனையளவு துளை ஒன்று இட்டுவிடுவதே அறிவுடைமை. பெட்டி அதன் வழியே மூச்சுவிடும். உள்ளே குளிர்ந்து படிந்த நீரும் சொட்டிப் போகும். துளைக்கு உட்புறம் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்ட மறவாதீர்கள். கருவியின் இளஞ்சூட்டைத் தேடிச் சிற்றெறும்புகள் குடிவருவதும், பல்லி முட்டையிடுவதும் நம் ஊரில் வழக்கம்.

இடுக்குகளை அடைக்கச் சிலிக்கோன் பசை வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. சிலவகைப் பசைகள் காயும்போது வினிகர் வாடை வீசும். அது அசெட்டிக் அமிலத்தின் ஆவி. மூடிய பெட்டிக்குள் செப்பு இணைப்புகளை அரித்துவிடும். கடற்காற்றின் உப்பு செய்கிற வேலையே போதும், அதற்குத் துணை தேவையில்லை. வாடையில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

பெட்டி எந்தப் பொருளால் ஆனது என்பதும் முக்கியம். இரும்பு, அலுமினியப் பெட்டிகள் உறுதியானவைதாம். ஆனால் உலோகக் கூட்டுக்குள் வைத்த கருவியின் அலை வெளியே வராது. பிளாஸ்டிக்கிலும் கரிப்பொடி மிகுதியாகக் கலந்த கறுப்பு வகை அலையை விழுங்கக்கூடும். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. திருகுகளைக் கழற்றிய வெறும் பெட்டியை மைக்ரோவேவ் அடுப்பில், ஒரு குவளைத் தண்ணீரோடு சேர்த்து, அரை நிமிடம் மட்டும் வைக்க வேண்டும். அந்த அடுப்பின் அலையும் வைஃபையின் அலையும் ஏறத்தாழ ஒரே அலைவரிசையைச் சேர்ந்தவை. தண்ணீர் சூடாகிப் பெட்டி சூடாகாமல் இருந்தால், பெட்டி அலையை விழுங்கவில்லை என்று பொருள். பெரியவர்கள் அருகில் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்யுங்கள். வெளிர்சாம்பல் நிறப் பெட்டியே நாங்கள் தேர்ந்தது. அது வெயிலையும் குறைவாக ஏற்கும்.

வெப்பத்திற்கு வருவோம். இங்கே பொருளைவிட இடமே பெரிது. நேர் வெயிலில் வைத்த பெட்டிக்கு எந்த வித்தையும் பலிக்காது. நல்லவேளையாக நம் நாட்டுக் கட்டடங்களில் ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு என்னும் கான்கிரீட் தாழ்வாரம் உண்டு. வடக்கு நோக்கிய சுவரில் அதன் அடியில் வைத்தால், ஆண்டின் பெரும்பகுதியும் வெயில் படாது. சாரலைத் தவிர மழையும் படாது. பாதி வேலையைக் கொத்தனார் என்றோ செய்து வைத்துவிட்டார்! விடுதி பெரிய கட்டடத்திற்கு வடக்கே அமைந்திருப்பது நம் நல்வாய்ப்பு. பெட்டியும் கருவியின் அளவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பெட்டியின் பரப்பு கூடக் கூட வெப்பம் எளிதில் வெளியேறும். கருவியைச் சுவர்ப்பக்கத் தகட்டில் ஒட்டாமல், சிறு குமிழ்கள் வைத்துச் சற்று உயர்த்திப் பொருத்தினால் நாற்புறமும் காற்று சுழலும்.

மின்சாரத்தை எவ்வாறு கொண்டு செல்வது? 230 வோல்ட் கம்பியையும் பிளக்கையும் வெளிச்சுவருக்குக் கொண்டுபோவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. அதற்குப் பதிலாக, செய்தியைக் கொண்டுசெல்லும் அதே கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பலாம். அந்தக் கேபிளுக்குள் எட்டுச் செப்புக் கம்பிகள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. நம் பழைய கருவியைப் போல விநாடிக்கு 100 மெகாபிட் வேகம் உள்ளவை இரண்டு இணைகளையே செய்திக்குப் பயன்படுத்துகின்றன. மீந்த இரண்டு இணைகளில் ஒன்றை நேர்மின்னுக்கும் மற்றொன்றை எதிர்மின்னுக்கும் கொடுத்துவிடலாம். இதற்கான சிறு இணைப்பான்கள் சோடியாகக் கடையில் கிடைக்கின்றன. கிகாபிட் கருவிகள் நான்கு இணைகளையும் செய்திக்கே எடுத்துக்கொள்வதால் அவற்றுக்கு இந்த எளிய முறை ஒத்துவராது.

இங்கேதான் ஓம் விதி கைகொடுக்கிறது. இவ்வகைச் செப்புக் கம்பியின் மின்தடை ஒரு மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம். நாங்கள் இழுத்த கேபிள் 25 மீட்டர்; ஆகவே ஒரு கம்பிக்கு 2.1 ஓம். இரண்டு கம்பிகள் பக்க இணைப்பில் இருப்பதால் அது 1.05 ஆகிறது. போகும் வழிக்கும் திரும்பும் வழிக்கும் சேர்த்து மீண்டும் 2.1 ஓம். கருவி அரை ஆம்பியர் எடுத்தால் வழியில் இழக்கும் மின்னழுத்தம் 1.05 வோல்ட். 12 வோல்ட் புறப்பட்டு ஏறத்தாழ 11 வோல்ட் போய்ச் சேரும். நம் கருவி அதைப் பொறுத்துக்கொள்கிறது. தொலைவு 75 மீட்டராக இருந்திருந்தால் 9 வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சும். கருவி அடிக்கடி தானே அணைந்து எரியத் தொடங்கும். அத்தகைய இடங்களில் 48 வோல்ட்டாக அனுப்பிப் பெட்டிக்குள் 12 ஆகக் குறைப்பார்கள். அதே திறனுக்கு மின்னோட்டம் நான்கில் ஒன்றாகும். மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்த வெப்ப இழப்போ பதினாறில் ஒன்றாகும். இதற்கு 2003-ஆம் ஆண்டிலேயே உலகப் பொதுத்தரம் ஒன்றும் வகுக்கப்பட்டது. செப்புப் பூசிய அலுமினியக் கேபிள்கள் விலை மலிவு, மின்தடை அதிகம். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள்.

சுவரின் வெளிப்புறத்தில் போகும் பகுதியைப் பி.வி.சி. குழாய்க்குள் இட்டோம். வீட்டுக்குள் போடும் கேபிளின் மேலுறை, வெயிலின் புறஊதாக் கதிர்களால் நாளடைவில் வெடித்துவிடும்.

மின்னலைப் பற்றி எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. கோவில் மணிக்கோபுரத்தின் உச்சியில் வைத்தால் ஊருக்கே எட்டுமே என்றாள் ஒருத்தி. ஊருக்கு எட்டுவது நம் நோக்கமன்று. அத்துடன் உயரமான இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் மின்னலை வரவேற்பதாகும். 2005 ஆணையும் ஆண்டெனா கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து 5 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்றே வகுத்தது. இன்னொருத்தி, விடுதி வரை கேபிளையே இழுத்துவிடலாமே என்றாள். நல்ல கேள்விதான். ஆனால் இரு கட்டடங்களுக்கும் எர்த் வெவ்வேறு. அருகில் எங்கேனும் இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு தோன்றும். இடையே ஓடும் செப்புக் கம்பி அதைக் கருவிகளுக்குள் கொண்டுசேர்த்துவிடும். கட்டடம் விட்டுக் கட்டடம் போகக் கண்ணாடி இழையோ கம்பியில்லா அலையோதான் தகும். நம் பெட்டி முதல் மாடிச் சுவரில், கூரைக்கு மிகத் தாழ்வாக, சன்ஷேடுக்கு அடியில் இருக்கிறது. இடிமழை வரும் அறிகுறி தெரிந்தால் அலுவலகத்தில் உள்ள அடாப்டரையும், அங்கே சுவிட்சில் சேரும் கேபிள் முனையையும் கழற்றிவிட வேண்டும் என்று மின்பணி செய்யும் அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஏணியேறிப் பெட்டியைச் சுவரில் மாட்டியதும் அவரே. கீழிருந்து திருகுகளை எடுத்துக் கொடுத்ததே எங்கள் பங்கு.

கோல் போன்ற ஆண்டெனா, தன் நுனிப்பக்கம் அலையை அனுப்புவதில்லை. தன்னைச் சுற்றிலும், உளுந்து வடையின் வடிவில் பரப்புகிறது. வடையின் ஓட்டை வழியே கோல் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆகையால் விடுதியை நோக்கிக் கோலைச் சாய்த்துக் காட்டுவது தவறு. நேர்குத்தாக நிற்க வேண்டும். ஆண்டெனாவைப் பெட்டிக்கு வெளியே நீட்டாமல் உள்ளேயே நிற்க விட்டோம். துளை ஒன்று குறைந்தது, நீட்டிப்புக் கம்பியில் வீணாகும் அலையும் மிஞ்சியது. திறனைக் கூட்டினால் இன்னும் தொலைவு எட்டாதா என்றால், எட்டும், பயன்தான் இல்லை. வைஃபை இருவழிப் பேச்சு. நாம் ஒலிபெருக்கியில் கூவி என்ன, கைப்பேசி மெல்லிய குரலில் சொல்லும் மறுமொழி நமக்குக் கேட்க வேண்டுமே! வேப்ப மரங்களுக்கு இடையில் உள்ள வெளியை நோக்கிப் பெட்டியை ஒரு ஜன்னல் தள்ளி வைத்ததில் கிடைத்த நன்மை, திறனைக் கூட்டுவதில் கிடைப்பதைவிட அதிகம். விடுதியின் முன் வராந்தாவிலும் படிப்பறையிலும் இப்போது நன்றாகக் கிடைக்கிறது. பின்புறப் படுக்கையறைகளில் கிடைப்பதில்லை. அதற்காக வருந்துவோர் தோழியர் மட்டுமே, சகோதரிகள் அல்லர்.

காப்பாளர் சகோதரி இரண்டு கேள்விகள் கேட்டார்கள். சாலையில் போவோரும் இதைப் பயன்படுத்த மாட்டார்களா என்பது ஒன்று. கடவுச்சொல் இட்டு, டபிள்யூ.பி.ஏ.2 என்னும் மறைகுறி முறையை அமைத்தால் போதும். இரவு ஒன்பது மணிக்கு அணைத்துவிடலாமா என்பது மற்றொன்று. அலையை அணைக்கலாம், கருவியை அணைப்பது நல்லதன்று. ஓடும் கருவியின் சிறு சூடுதான் பெட்டிக்குள் பனி படியாமல் காக்கிறது. முழுவதும் அணைத்தால் விடியற்காலையில் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். எனவே ஒன்பது முதல் ஐந்து வரை அலையை மட்டும் நிறுத்துமாறு கருவியின் அமைப்பிலேயே நேரம் குறித்துவிட்டோம். சகோதரிக்கும் திருப்தி, கருவிக்கும் நலம்.

இனி மேற்பார்வை. பெட்டிக்குள் ஒரு சிறு பொட்டலம் சிலிக்கா ஜெல் போட்டிருக்கிறோம். ஈரம் ஏற ஏற ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும். பச்சையாகிவிட்டால் எடுத்து மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் போடலாம். ஆண்டுக்கு இருமுறை, புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறையும் பங்குனியில் ஒருமுறையும், பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, அடித்துளை அடைத்திருக்கிறதா, இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்பவையே பார்க்க வேண்டியவை. அடுத்த ஆண்டு இவ்வகுப்பிற்கு வரும் தங்கையருக்காக, பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் பொருத்திய நாளையும் கேபிளின் நீளத்தையும் அழியாத மையால் எழுதி வைத்திருக்கிறோம். சாவி அறிவியல் ஆய்வகத்தில், இரண்டாவது அலமாரியின் ஆணியில் தொங்குகிறது.